எலும்புக்காரர்

செய்தி வந்தபோது காலை ஆறு மணி. பாவ் மான்சாங் முதல் ஆவிக்கூடையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அடுத்ததற்கு மாவை உருட்டிக்கொண்டிருந்தார். மாவு ஒட்டிய கையாலேயே கைபேசியை எடுத்தார். மறுமுனையில் அக்கா மகன் யுன்லாங் அழுதுகொண்டே பேசினான். "சரி... சரிப்பா... எப்போ?... சரி" என்றார் அவர். கைபேசியை வைத்துவிட்டு, உருட்டியவற்றைக் கூடையில் அடுக்கினார். பிறகு, ஏற்கெனவே ஏற்றியது வேகும்வரை அடுப்பருகில் நின்றார். வெந்ததும் இரண்டு பன்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, உணவுக்கூடத்தைத் தாண்டி, பெண்கள் விடுதிக்கு நடந்தார்.

அவர் சமையல் வேலை பார்த்த ஃபோஷான் நகரத்துத் தரைக்கல் தொழிற்சாலையில்தான் அவருடைய அக்கா மகள் யுன்ஷியாவுக்கும் வேலை. கல்லூரிவரை படித்தவள், கணக்குப் பிரிவில் இருந்தாள். கதவைத் திறந்தவளிடம் பொட்டலத்தை நீட்டினார்.

"என்ன மாமா, இந்நேரத்துல?"

"மொதல்ல இத சாப்புடு. அப்பறம் சொல்றேன்."

அவள் பாதி தின்றதும் சொன்னார்: "அம்மா போயிட்டா, புள்ள. தூக்கத்துலயே. குளிர் கோட்டு எடுத்துக்க. ரெண்டா எடுத்துக்க, ஊர்ல பனியாம்."

பெற்ற மகளுக்கு முன்னால் மாமாவுக்குச் செய்தி போனதில் யுன்ஷியாவுக்கு வருத்தமில்லை. அவர்கள் ஊரான லோங்ஷி மலைப்பக்கத்தில் அதுதான் முறை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் அவளுடைய எலும்பு பிறந்த வீட்டுக்கே சொந்தம். அவள் செத்தால் 'எலும்புக்காரர்' வரவேண்டும், முகம் பார்க்கவேண்டும், பிள்ளைகள் அவளை எப்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கவேண்டும். அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் சவப்பெட்டிக்கு ஆணி. பிறந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே எலும்புக்காரர் மான்சாங்தான். நாள் பார்க்கிறவர் வருடத்தின் கடைசி மாதத்து இருபத்தாறாம் தேதி விடியலைக் குறித்துக் கொடுத்திருந்தார். அதை விட்டால் புத்தாண்டு கழித்துத்தான் நாள். பிணத்தை வைத்துக்கொண்டு எந்த வீடும் புது வருடத்துக்குள் போகாது. யார் வந்தாலும் வராவிட்டாலும் இருபத்தாறு காலை ஆணி இறங்கிவிடும்.

மான்சாங் ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான ஆள், அகலமான முதுகு, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்த ஓட்டை வழியாக விசில் அடிப்பார். மாவு உப்புவதற்கு அது நல்லது என்பார். அவருடைய குடும்பப் பெயரும் ஆவிப்பன்னின் பெயரும் ஒரே சொல்தான் என்பதால் தொழிற்சாலையில் அவரைக் கேலி செய்யாத வாய் கிடையாது. "பன்னண்ணே, இன்னைக்கு உள்ள என்ன?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்பார்கள். அவர் தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, "நேத்து ராத்திரி முட்டைக்கோசு" என்பார். பஞ்ச காலத்தில் பிறந்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் 'நிறைந்த களஞ்சியம்' என்று பொருள்படும் மான்சாங். "எங்கப்பன் தமாஷ்காரன்" என்பார் அதைப் பற்றி. அந்தக் காலத்தில் அவரை முதுகில் கட்டிக்கொண்டு காட்டில் கீரை பறித்தது அக்கா ஃபெங்யிங். அதை அவர் சொல்லமாட்டார். அம்மா சொல்லித்தான் யுன்ஷியாவுக்குத் தெரியும்.

எதற்கும் "அதுவும் நல்லதுதான்" என்பது அவர் வாயில் வரும் சொல். ரயிலில் நின்றுகொண்டு போகும் டிக்கெட்தான் கிடைத்தது. "அதுவும் நல்லதுதான். உக்காந்தா கோட்டு கசங்கும்." குவாங்ஜோ நிலையத்தில் கூட்டம் அவர்களைத் தரையில் கால் படாமல் பெட்டிக்குள் தள்ளியது. "அதுவும் நல்லதுதான். செருப்பு தேயல." கழிப்பறைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தது. கொண்டுவந்திருந்த காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து யுன்ஷியாவை உட்காரவைத்தார். யாராவது கழிப்பறைக்கு வரும்போதெல்லாம் அவள் எழுந்து வாளியைத் தூக்கவேண்டும். கதவைத் திறந்துவிட்டு, "வாங்க, வாங்க, உள்ள நல்ல அறையா பாத்து போட்ருக்கேன்" என்று விடுதிக்காரர்போல் மாமா குனிவார். கால் மாற்றி நிற்கும் அவசரத்திலும் ஆட்கள் சிரித்தார்கள்.

யுன்ஷியாவுக்கு எரிச்சலாக இருந்தது. கூடப் பிறந்தவள் செத்துக் கிடக்கிறாள். இந்த மனிதருக்கு எங்கிருந்து சிரிப்பு வருகிறது? ஆனால் இங்கே அதைக் கேட்க முடியாது. பெட்டி நிறைய இருப்பவர்கள் புத்தாண்டு விருந்துக்கு வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் நடுவே சாவு என்ற சொல்லை எடுக்கக் கூடாது. அவள் தன் துக்கத்துக்கான கறுப்புக் கைப்பட்டையைக்கூடச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தாள்.

தொட்டியடியில் ஆரஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு தடித்த அம்மாள் மாமாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"வீட்ல யாருண்ணே காத்துட்டிருக்காங்க?"

"எங்கக்கா."

"குடுத்துவச்சவங்க."

"நான் போய்ச் சேந்தாத்தான் கெளம்புவா. அதுவரைக்கும் அசையமாட்டா."

"எங்க கெளம்பறாங்க?"

"மலைக்கு."

"இந்தப் பனியிலயா? கோயிலுக்கா? வேணாம்னு சொல்லக் கூடாது?"

"சொன்னா கேக்கற ஆளா? புடிவாதக்காரி. மூட்டை முடிச்செல்லாம் கட்டி, புதுத் துணி உடுத்தி, தயாரா படுத்துட்டிருக்கா."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். யுன்ஷியா வாளியிலிருந்து எழுந்து கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அவள் வெளியே வந்தபோது மாமா கையில் பெரிய ஆரஞ்சு ஒன்று இருந்தது. "அக்காவுக்குன்னு குடுத்தாங்க" என்றார்; கண்ணைச் சந்திக்காமல்தான் சொன்னார்.

ஹூனான் மாகாணத்தைத் தாண்டுவதற்கு முன்னால் ரயில் நின்றது. மின்கம்பிகளில் பனி உறைந்து, கம்பிகள் குழந்தையின் கை தடிமனுக்கு வீங்கித் தொங்கின. மின்சாரம் இல்லை, என்ஜின் செத்துப்போனது. முதலில் விளக்குப் போயிற்று, பிறகு வெந்நீர், பிறகு வெப்பம். ஆட்கள் நூடுல்ஸைக் காய்ந்தபடியே கடித்தார்கள். "நடந்துபோனாலும் இந்நேரம் சேந்திருக்கலாம்" என்று ஒருவன் கத்தினான். "போயேன், பெட்டியில காத்து வரும்" என்றாள் ஆரஞ்சு அம்மாள். மறுநாள் பசி பொறுக்காமல் மாமா அந்த ஆரஞ்சை எடுத்து உரித்துப் பாதியை யுன்ஷியாவிடம் கொடுத்தார்.

"அம்மாவுக்குக் குடுத்ததாச்சே மாமா."

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். மொறைப்பா, அவ்ளோதான்."

சுளை பல்லில் பட்டதும் ஐஸ் கட்டியாக நொறுங்கியது. செய்தி கேட்டபின் அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

ரயில் பணிப்பெண்ணிடம் மாமா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "தெரியலங்கய்யா" என்றாள். மூன்றாவது முறை அவர் "அதுவும் நல்லதுதான்" என்று சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, பனி அள்ளி உருக்குவதற்காகக் கதவைத் திறந்துவிட்டபோது, வாளியை எடுத்துக்கொண்டு அவரும் இறங்கினார். யுன்ஷியா சன்னல் கண்ணாடியில் உறைந்திருந்ததை நகத்தால் சுரண்டிவிட்டுப் பார்த்தாள். வாளி ஒரு பக்கம் கிடந்தது. மாமா இரண்டு உள்ளங்கையையும் பெட்டியின் பக்கச்சுவரில் வைத்து ரயிலைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பெட்டியே சிரித்தது. "தள்ளுங்கண்ணே! இன்னும் கொஞ்சம்!" "பன்னு மாஸ்டர், அந்தப் பக்கம் தள்ளாதீங்க, திரும்ப குவாங்ஜோ போயிரும்!" அவர் ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு மறுபடி தள்ளினார். சிரித்தவர்களுக்குத் தெரியாதது யுன்ஷியாவுக்குத் தெரிந்தது. குதிகால்கள் பனியில் புதைந்திருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் பெட்டியின் இரும்போடு ஒட்டியிருந்தது. அவர் உண்மையாகவே தள்ளிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குமேல் எங்கிருந்தோ ஒரு டீசல் என்ஜின் வந்து மாட்டியது. ரயில் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தபோது, "அண்ணன் தள்ளுனதுதான்!" என்று கைதட்டினார்கள். யாரோ புகையிலையும் யாரோ வாத்துக் கழுத்துக் கறியும் கொடுத்தார்கள். மாமா கழுத்தைக் கடித்துக்கொண்டே, "கூலி இல்லாம இனிமே தள்ளமாட்டேன்" என்றார். உள்ளங்கையின் தோல் இரும்பில் ஒட்டி உரிந்திருந்தது. கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

லோங்ஷியில் இறங்கியபோது தேதி இருபத்தைந்து, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலைக்குப் போகும் பேருந்து ஓடவில்லை. உரம் ஏற்றும் மூன்று சக்கர வண்டிக்காரன் ஒருவன் பாதிவழிவரை விட்டான். மீதியை நடந்தார்கள். யுன்லாங் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தான். நாள் பார்க்கிறவர் முணுமுணுக்கிறார், தச்சர் வந்து உட்கார்ந்துவிட்டார், எங்கே மாமா இருக்கிறீர்கள்?

"வந்துட்டே இருக்கேன்னு அவகிட்டச் சொல்லு" என்றார் மாமா.

"யார்கிட்ட மாமா?"

"அம்மாகிட்டத்தான்டா. காதோரமாச் சொல்லு. சத்தமா."

ஊர் எல்லைக்கு அவர்கள் வந்துசேர்ந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அங்கே பனியில் வெள்ளை உடுத்திய கூட்டம் முழந்தாளிட்டு இருந்தது: யுன்லாங், அவன் மனைவி, பங்காளிகள். எலும்புக்காரரை அப்படித்தான் எதிர்கொள்ளவேண்டும். யுன்ஷியா மாமாவின் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். இத்தனை நாள் அவர் வாளியில் உட்கார்ந்து, அவர் ஆரஞ்சைத் தின்று, அவர் தோளில் தூங்கிக்கொண்டு வந்தவள். அவள் செத்தவளின் மகள். அவரை விட்டு முன்னால் நடந்து, அண்ணன் பக்கத்தில் போய், அவரைப் பார்த்துத் திரும்பி, பனியில் முழந்தாளிட்டாள். அண்ணி ஒரு வெள்ளைத் துணியை அவள் தலையில் கட்டினாள்.

மாமா தனியாக நின்றார். இந்த இடத்தில்தான் கேள்வி வரும். சில எலும்புக்காரர்கள் வெயில் ஏறும்வரை கேட்பார்கள், துணியைக் குறை சொல்வார்கள், மருமகள்களை அழவைப்பார்கள். எழுந்திருங்கள் என்று அவர் சொல்லும்வரை யாரும் எழக் கூடாது. அண்ணியின் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன, குளிரால் மட்டுமல்ல.

"கடைசியா என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார் மாமா.

"உருளைக்கெழங்கு போட்ட சோளக்கூழு மாமா" என்றாள் அண்ணி, தலை நிமிராமல்.

"உப்பு போட்டியா?"

"போட்டேன் மாமா."

"அவ என்ன சொன்னா?"

அண்ணி தயங்கினாள். "உப்பு பத்தலன்னாங்க."

"அவ்ளோதானா?"

"நம்ம வீட்ல உப்புக்கு என்ன பஞ்சம்னு கேட்டாங்க." சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

மாமா தலையாட்டினார். "அப்பச் சரி. கடசீ வரைக்கும் கொற சொல்லத் தெம்பு இருந்திருக்கு. நல்லாத்தான் வச்சிருக்கீங்க. எந்திரிங்க, எந்திரிங்க, முட்டி வெறச்சிடும்."

முற்றத்தில் சவப்பெட்டி இருந்தது. மூடியை ஒரு பக்கமாக நகர்த்தினார்கள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். காலரில் சுருண்டிருந்த ஒரு நாடாவை நீவிவிட்டார். நாள் பார்க்கிறவர் இருமினார். "சரி" என்றார் மாமா.

மூடி ஏறியது. ஆணி இறங்கும்போது உள்ளே இருப்பவளின் உயிர் அதில் மாட்டிக்கொள்ளாமல் விலகவேண்டும் என்று பிள்ளைகள் குரல் கொடுப்பது வழக்கம். தச்சர் ஒவ்வோர் ஆணியாக அடிக்க, "அம்மா, ஆணி வருது, விலகிக்கோ!" என்று யுன்லாங்கும் யுன்ஷியாவும் கத்தினார்கள். தலைமாட்டில் இருந்த கடைசி ஆணி எலும்புக்காரருக்கு. தச்சர் சுத்தியலை நீட்டினார். உரிந்த உள்ளங்கையால் மாமா அதை வாங்கினார்.

"அக்கா, ஆணி. விலகிக்க."

ஓர் அடி அடித்தார். பிறகு சுத்தியலை ஓங்கியபடி நின்றார்.

"அடிங்கண்ணே" என்றார் தச்சர் மெதுவாக. "வெளிச்சம் வந்துருச்சு."

"இருப்பா. முழங்கால் வலிக்காரி. மெதுவாத்தான் நகருவா."

எல்லோரும் காத்திருந்தார்கள். கூரையிலிருந்து பனி ஒரு பிடி சரிந்து விழுந்தது. மாமா சுத்தியலைத் தாழ்த்தி, தச்சரிடம் கொடுக்காமல், பெட்டியின் பக்கத்தில் பனிமேல் வைத்தார். அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. தோள் கொடுப்பவர்கள் மூங்கிலைச் செருகிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது, தலைமாட்டு ஆணி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.