பூசணம் பிடித்த பிளேட்டுகள்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். அவனியாபுரத்திலிருந்து தினமும் பஸ். அணுக்கருவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை என்று வீட்டில் சொன்னேன். "அதைப் பாக்க எம்புட்டுப் பெரிய கண்ணாடி வேணும்?" என்றார் அப்பா. கணக்கு வாத்தியார், பெருமையை அப்படித்தான் காட்டுவார்.

உண்மையில் அணுக்கருவை யாரும் பார்ப்பதில்லை. அதை உடைத்து, சிதறுவதை வைத்து உள்ளே இருந்ததை ஊகிக்கிறோம். வெளிநாட்டில் 'பீம்' என்னும் அதிவேகப் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சி, கழுவி அனுப்பிய கண்ணாடி பிளேட்டுகள் எங்கள் துறையில் இருந்தன. மேலே போட்டோ பிலிமில் இருப்பது போன்ற, வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு, ஆனால் நல்ல தடிமன். புரோட்டான் அதிலுள்ள ஒரு வெள்ளி அணுவின் கருவில் மோதினால் கரு நொறுங்கும். துண்டுகள் ஓடிய தடங்கள் கறுப்புப் புள்ளிக் கோடுகளாக ஒரே இடத்திலிருந்து விரியும். அதை நட்சத்திரம் என்போம். தடித்த கோடு கருவிலிருந்து பிய்ந்த துண்டு. மெல்லிய கோடு பெரும்பாலும் மோதலில் புதிதாகப் பிறந்த துகள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து அவற்றை எண்ண வேண்டும். முதல் நட்சத்திரத்தைக் கண்ட அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துபோனேன்.

பிளேட் அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. ஜெலட்டின் மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஈரம் பட்டால் கெட்டுவிடும். ஒரு கோடையில் துறைத்தலைவர் அந்த ஏ.சி.யைக் கழற்றித் தன் அறையில் மாட்டச் சொன்னார்.

"கமிட்டிக்காரங்க வாராங்கம்மா. என் ரூமு வெக்கையா இருந்தா நல்லாவா இருக்கும்?"

கமிட்டி வந்தது, பிரியாணி சாப்பிட்டது, போனது. ஏ.சி. திரும்பி வரவில்லை. போய்க் கேட்டேன்.

"ஏன், பிளேட்டுக்கு வேர்க்குதாமா?" என்று சிரித்தார்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழை. நான் டைபாய்டில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பியபோது அறைக்கதவைத் திறந்ததுமே நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஊறிய தோலும் புளித்த கஞ்சியும் கலந்த நாற்றம். பெட்டிக்குள் பூச்சு உப்பி, கண்ணாடியை விட்டுத் தோல் உரிந்தாற்போல் தொங்கியது. ஓரமெல்லாம் கரப்பான் தின்றிருந்தது. மிச்சத்தில் அதன் எச்சம், முட்டைக்கூடு. ஒரு பிளேட்டை எடுத்தபோது விரல் சளியில் புதைவதுபோல் உள்ளே போனது. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவியும் அன்று கையால் சோறு பிசைய முடியவில்லை.

எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கெட்ட பிளேட் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் பூசண இழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தன.

"இதையும் கோடுன்னு எண்ணிட்டா என்னம்மா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "நல்லாருக்குற பிளேட்ல சராசரி என்ன வருதோ, அதையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சு மிச்சத்துக்கும் போட்டுருங்க. எல்லாம் ஒரே பீம்ல வச்சதுதான?"

அண்ணன் தலையாட்டினார். மறுநாள் சன்னலோரம் உட்கார்ந்து, இடது கையில் பஜ்ஜியும் வலது கையில் பேனாவுமாக, இல்லாத நட்சத்திரங்களுக்கு எண்கள் எழுதினார்.

"அண்ணே, என்ன செய்றீங்க?"

"சோழவந்தான்ல பொண்ணு பேசியிருக்காங்க. டாக்டர் பட்டம் வந்தாத்தான் கல்யாணம். உனக்கென்ன, சும்மா இரு தாயி."

பஜ்ஜி எண்ணெய் தாளில் பட்டுப் பரவியது. அவர் அதன் மேலேயே எழுதிக்கொண்டு போனார். நான் எழுந்துபோய் மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

இந்த எண்களை வைத்து எழுதும் ஆய்வுக் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று தலைவரிடம் சொன்னேன்.

"பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாது" என்றார். ஆனால் எடுத்துவிட்டார். கட்டுரை வெளிவந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தட்டில் லட்டு வந்தது. எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன். எறும்பு மொய்த்தது.

தப்பிய சில பிளேட்டுகள் பீரோவின் மேல்தட்டில் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு இன்னும் சில வருஷம் எண்ணினேன். ஆய்வேடு மெலிதாகத்தான் வந்தது. வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், ஏன் இவ்வளவு குறைந்த நட்சத்திரங்கள் என்று கேட்டார்.

"மிச்சத்தைக் கரப்பான் தின்னுருச்சு சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்த தலைவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கும்வரை அதே துறையில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்று எங்களைவிடப் பல மடங்கு பிளேட்டுகளை எண்ணி வெளியிட்ட முடிவு, தலைவரின் கட்டுரையோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? நல்ல பிளேட்டுகளின் சராசரியைத்தானே நகல் எடுத்திருந்தார்கள்! இனி யாரும் அதைச் சந்தேகப்படப் போவதில்லை.

தலைவர் அந்த முடிவு வெளிவந்த பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார். "பாத்தியா? நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?"

"நீங்க பாக்கவே இல்லையே சார்."

"பாத்தாலும் அதான வந்திருக்கும்?"

அவர் குரலில் கேலி இல்லை. மனதார நம்பினார். எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது. லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த ஜூனில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.