பால்கனியில் ஒரு குளிர்காலம்

வங்கிக் கிளை மேலாளராகப் பாலிகஞ்சுக்கு மாற்றலாகி வந்த பழனிசாமிக்கு அதுவே கொல்கத்தாவில் முதல் குளிர்காலம். மகளின் பன்னிரண்டாம் வகுப்பை முன்னிட்டு மனைவி கலா கோபிசெட்டிபாளையத்திலேயே தங்கிவிட்டார். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டிசம்பரில் மருத்துவர் எச்சரித்தபோது, அந்த நோயால் வெட்டியெடுக்கப்பட்ட தம் தந்தையின் கால்விரல்கள்தான் பழனிசாமியின் நினைவுக்கு வந்தன. தப்பிக்க வழி தேடுகையில் பழுப்புக் கொழுப்பைப் பற்றிப் படித்தார். கழுத்தடியிலும் காறை எலும்பருகிலும் சிறிதளவே இருக்கும் அக்கொழுப்பு, உடம்பில் குளிர் பட்டால் விழித்துக்கொண்டு, சூடு உண்டாக்குவதற்காகச் சர்க்கரையையும் எரிக்குமாம்.

அதுமுதல் விடுமுறைக் காலைகளில், வடக்குப் பார்த்த பால்கனியில் வெயில் எட்டாத மூலையாகப் பார்த்துப் பனியனோடு உட்கார்ந்தார்.

"ஏனுங், மார்கழின்னா காதுக்குத் துண்டு கட்டாம வாசப்படி தாண்டாத ஆளு நீங்க. அங்க போயிப் பனியனோட உக்கோந்திருக்கீங்களாக்கும்?" என்று தொலைபேசியில் கலா சிரித்தார்.

அக்கட்டடத்தாருக்கோ குளிர்கால ஞாயிறு என்றால் மொட்டைமாடி வெயில்தான். காதை மூடும் மங்கி கேப்பும் சால்வையுமாக வட்டமாய் உட்கார்ந்து, கமலா ஆரஞ்சை உரித்துத் தின்றபடி மதியம்வரை பேசித் தீர்ப்பார்கள். எதிர்வீட்டு ரஞ்சனா இந்தியும் வங்காளமும் கலந்து, அண்ணன் முறையில் 'தாதா' என்று வாரந்தோறும் அழைத்தார்.

"வாங்க தாதா, உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டாச்சு. மத்ராஸ்காரருக்கு வெயில்னா பயமா?"

"கொஞ்சம் வேலை இருக்கு, தீதி" என்று அவரும் அக்கா முறை வைத்தே நழுவுவார்.

கொழுப்பை எழுப்பக் குளிரில் உட்கார்ந்திருப்பதாக ஒரு பெண்மணியிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மேலிருந்து சிரிப்பொலி வரும். எப்போதாவது ஓர் ஆரஞ்சு விதையும் பால்கனியில் வந்து விழும்.

ஜனவரி நடுவில் அழைப்பு நின்றது. லிஃப்டில் எதிர்ப்பட்டால் ரஞ்சனா தலையை மட்டும் அசைத்தார். ஒட்டாத மனிதர் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும்.

பிப்ரவரி கடைசியில், பால்கனிக் கதையைக் கேட்டுக்கொண்டே மருத்துவர் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "சர்க்கரை இருந்த இடத்துலயே இருக்கு. குளிர்ல அந்தக் கொழுப்பு சர்க்கரையை எரிக்கறது நிஜம்தான். ஆனா பால்கனியில உட்கார்ந்து எரிச்சதை நம்பிச் சர்க்கரையைக் கவனிக்காம விட முடியாது. சோத்தைக் குறைச்சு, நல்லா நடங்க. தனியா நடக்கச் சலிப்பா இருந்தா யாரையாவது கூட்டிக்குங்க."

யாரை என்று யோசித்தபடியே வீடு திரும்பினார். மறுநாள் ஞாயிறு. சட்டையை மாட்டிக்கொண்டு மாடியேறினார். நாற்காலிகள் இல்லை. காலையிலேயே வெயில் சுட்டது. பெட்டிக்குள் போகவேண்டிய கம்பளிகளை உலர்த்தி, ரஞ்சனா மட்டும் மடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எங்கே, தீதி?"

"ஷீத் போயாச்சே, தாதா! குளிர்காலம் முடிஞ்சு, இந்த வெயில்ல யார் உட்காருவா?" என்ற ரஞ்சனா, கடைசிச் சால்வையை மடித்துவிட்டு நிமிர்ந்தார். "அடுத்த வருஷம் வாங்க. இங்கேதானே இருப்பீங்க?"

மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று யார் கண்டது? "பார்க்கலாம்" என்றார் பழனிசாமி.

கம்பளிக் கட்டோடு ரஞ்சனா இறங்கிப் போனார். பழனிசாமி மாடியின் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தனியே நடக்கத் தொடங்கினார்.