ஈயம் பிடித்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் இரண்டு இரும்புக் கரண்டிகள் இருந்தன. ஒன்று தாளிக்க, இன்னொன்று ஈயம் காய்ச்ச. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே நீளம். ஈயக் கரண்டி தப்பித் தவறி அடுப்படிக்குள் வந்துவிட்டால் அம்மா போடும் சத்தம் முடிச்சூர் ரோடு வரைக்கும் கேட்கும். "குடும்பத்தையே வெஷம் வெச்சுக் கொல்லப் பாக்குறியா நீ?" என்பாள். அந்த 'நீ' அப்பா. அப்பா காதே கேட்காதவர் போலப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டும் கடையில் வேலை. அங்கே அவர் தொழிலாளி. திருவிழா, பொருட்காட்சி என்று எங்காவது கூட்டம் கூடினால் மட்டும் முதலாளியாகிவிடுவார். பலூன் சுடும் கடை போடுவார். ஒரு ஏர்கன், பலூன் கட்டிய பலகை, பலகைக்குக் கீழே விரித்த கோணி, அவ்வளவுதான் கடை. டப்பாவில் விற்கும் குண்டு கட்டுப்படியாகாது என்று, பலகையில் மோதி நசுங்கி விழுந்த ஈயத்தைக் கோணியோடு வாரிக்கொண்டு வந்து, மறுபடி காய்ச்சி, அச்சில் ஊற்றி, நாங்களே குண்டு செய்துகொள்வோம். நாங்கள் என்றால் அத்தை. அப்பாவின் தங்கை.

அத்தை கொல்லைப்புறத்தில் அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கிட்டே யாரும் போகக்கூடாது. சூடு போதாத ஈயத்தை ஊற்றினால் குண்டு சுருக்கம் விழுந்து வரும். அதையெல்லாம் முகம் பார்க்காமல் திரும்பக் கரண்டியிலேயே போட்டுவிடுவாள். வழவழவென்று வந்ததை மட்டும் ஆறவைத்து, தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கலந்த பிசுக்கில் உருட்டச் சொல்லி என்னிடம் கொடுப்பாள். மெழுகில்லாத வெறும் குண்டைச் சுட்டால், போகிற போக்கில் ஈயம் தேய்ந்து குழாயின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒட்ட ஒட்ட, நாம் குறி பார்த்த இடம் ஒன்று, குண்டு போய்ச் சேரும் இடம் ஒன்று என்றாகிவிடும். எங்கள் துப்பாக்கி ஈயம் பிடித்துக்கொண்டால் எப்போதும் இடது பக்கம்தான் இழுக்கும்.

அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "வரவன் போறவன்லாம் பலூன ஒடச்சுட்டா நாம இன்னாத்த துன்றது?" என்பார். அத்தைக்குப் பொறுக்காது. துட்டு கொடுத்துச் சுடுகிறவன் தோற்றால் அவன் கையால் தோற்கட்டும், நம் குழாயால் தோற்கக்கூடாது என்பது அவள் கட்சி. அப்பா கொண்டுவரும் பழைய ஒயரை உரித்து, மெல்லிய செம்பு இழைகளை எடுத்து, ஒரு கம்பியின் நுனியில் சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுப்பாள். சாம்பல் நிறத்தில் ஈயம் சீவல் சீவலாக உதிரும். அண்ணனும் தங்கையும் வேறு எதற்கும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு மட்டும் வருஷம் முழுக்கப் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலிருந்து வந்து கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள், போனவர்கள்தான். அம்மா குற்றத்தை அத்தையின் விரல்மேல் போட்டாள். ஈயம் தொட்டுத் தொட்டு அத்தையின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். புளியையும் சாம்பலையும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி அம்மா அந்த விரல்களைத் தேய்ப்பாள். அத்தை கையை நீட்டிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவதாக ஒரு பல்லாவரம் இடம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கிண்டி எஸ்டேட்டில் வேலை, வீட்டில் அம்மா மட்டும்தான். இந்த முறை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டாம் என்றார் தரகர். பார்த்துவிட்டு வேண்டாமென்றால் இரண்டு பக்கமும் சங்கடம். குரோம்பேட்டைப் பொருட்காட்சியில் நீங்கள் கடை போடுகிறீர்கள், அவர்களும் சுற்றிப் பார்க்க வந்தது போல வரட்டும், தற்செயலாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். அந்தத் தற்செயலுக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஏற்பாடு நடந்தது. எந்தப் புடவை எடுப்பாக இருக்கும் என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தரகரிடம் கேட்டார். பலூன் என்ன கலரில் வாங்கலாம் என்று என்னைக்கூடக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, சிவப்பு என்றேன். அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவள் பாட்டுக்குக் கொல்லையில் ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அப்பா கட்சி மாறினார். "மாப்ள சுடறதுக்குன்னு நிப்பாரு. ஒரு குண்டு கூட வீணாவக் கூடாது. ஆம்பள ஜெயிச்சுட்டு வூட்டுக்குப் போனான்னா சரின்னு சொல்லிடுவான். நல்லா தொடச்சு வை" என்று அத்தையிடம் சொன்னார். "சரிண்ணா" என்றாள் அத்தை. அன்று காலையில் அவள் துடைத்த துடைப்பை நானே பார்த்தேன். காலிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னாள். உள்ளே வெள்ளி வளையல் போல மின்னியது.

மைதானத்தில் கடையைப் போட்டு முடித்தபோது மத்தியான வெயில் இன்னும் இறங்கவில்லை. ராட்டினம் சுற்ற ஆரம்பிக்கவில்லை. டெல்லி அப்பளக் கடைக்காரர் அப்போதுதான் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா தரகரை அழைத்துவர ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போனார், அம்மா பூ வாங்கப் போனாள். அத்தை துப்பாக்கியை எடுத்தாள்.

"மெழுகு போடாத குண்டு அந்த டப்பால கீது பாரு, எடு."

"அப்பா திட்டுவாரு அத்தை."

"எடுடி."

பலகையில் பலூன் இல்லாத இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்து சுட ஆரம்பித்தாள். முதல் குண்டுகள் புள்ளியிலேயே விழுந்தன. பிறகு கொஞ்சம் தள்ளி விழுந்தன. நான் குண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவள் சுட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் ரயில்கள் வந்து வந்து போயின. குண்டுகள் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே போக, அத்தைக்குக் கை நடுங்குகிறது, பாவம், மாப்பிள்ளை வருகிற பயம் என்று நினைத்தேன். நன்றாகத் தள்ளிப் போனபிறகு அவள் எட்டி நின்று பலகையைப் பார்த்தாள். "போதும்" என்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

விளக்கு போடுகிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லி. தலையை அவர் அம்மாதான் வாரிவிட்டிருக்க வேண்டும், அப்படி ஒரு வகிடு. "அட, நம்ம ஆளு கடையா இது!" என்று தரகர் ஆச்சரியப்பட்டார். அப்பா அதைவிட ஆச்சரியப்பட்டார். "சும்மா சுடுங்க தம்பி, நம்ம கடதான்" என்று துப்பாக்கியை எடுத்து நீட்டினார். அத்தை தலை குனிந்தபடியே குண்டைப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் குண்டு பலகையில் டொக்கென்று மோதியது. இரண்டாவதும் டொக். அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. சுற்றி நின்ற பையன்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு கூச்சல். "காத்து ஜாஸ்தி இன்னிக்கு" என்றார் அப்பா. ஒரு பலூன்கூட அசையவில்லை. மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்துவிட்டன. "உனுக்கு இதெல்லாம் தேவையாடா, வா போலாம்" என்று அவர் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுவும் போயிற்று. இன்னொரு தடவை கேசரி, இன்னொரு தடவை புளி. காலையில் பளபளவென்று துடைத்த துப்பாக்கியை அத்தையே மெழுகில்லாத குண்டைச் சுட்டுச் சுட்டுக் கெடுத்து வைத்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எனக்கு மட்டும்தான் தெரியும். அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மாப்பிள்ளை கையை விடுவித்துக்கொண்டார். துப்பாக்கியைத் தாழ்த்தி, பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்க்கவில்லை, தரகரைப் பார்க்கவில்லை, நேராக அத்தையைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்ங்க இழுக்குது?"

அத்தை தலையை நிமிர்த்தினாள். அவர்கள் வந்தபிறகு முதல் தடவையாக நிமிர்த்தினாள் என்றுதான் எனக்கு நினைவு.

"லெப்டுல. ஒரு பலூன் அளவுக்கு."

"அப்போ ரைட்ல தள்ளி வெக்கணும், இல்லைங்களா?"

"ஆமாங்க."

அவர் தள்ளி வைத்துச் சுட்டார். நான் தேர்ந்தெடுத்த சிவப்பு பலூன் ஒன்று படாரென்று வெடித்தது. அடுத்தது மறுபடியும் டொக். பையன்கள் கத்துவதற்கு முன்னால் அவரே சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்துவிட்டாள். சிரிப்பை மறைக்கக் கையை வாயில் வைத்தாள், உதட்டுக்கு மேலே மீசை மாதிரி ஈயக் கறை அப்பிக்கொண்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே சரி என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா இந்தக் கதையைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் படபடப்பு, அதனால் முதலில் தவறிவிட்டது, ஆனால் துப்பாக்கி சுத்தமாக இருந்ததால் கடைசியில் ஒன்றாவது விழுந்தது, அதனால்தான் கல்யாணம் நடந்தது என்பார். அத்தை அதை ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

நான் மட்டும் மனசில் வைத்துக்கொண்டே இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் அத்தையின் கறுத்த விரல்களுக்கு மருதாணியால் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன், ஏன் அத்தை அன்றைக்கு அப்படிச் செய்தாய் என்று.

அவள் மருதாணிக் கைகளைத் தூக்கிப் பிடித்து விரல் தொப்பிகளைப் பார்த்தாள். பிறகு, "அவுரு என்னாண்ட கேட்டாரு இல்ல?" என்றாள்.

"எந்தப் பக்கம் இழுக்குதுன்னுதானே? அப்பாவக் கேட்டிருந்தா அப்பாவே சொல்லியிருப்பாரு."

"ஆமா, சொல்லியிருப்பாரு" என்று அத்தை சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரியாமல், கடைக்காரியிடமே கேட்டுக் கேட்டுச் சுடுகிற ஒருவரைப் போய்க் கட்டிக்கொள்கிறாளே என்று, அன்று முழுக்க அத்தையை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது.