பெண்கள் துறையில் புலி

பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். இங்கிலாந்தில் காடே இல்லாத வயல்வெளிகளில் பெரிய கறுப்புப் பூனை ஒன்று திரிகிறதாம், புலி மாதிரி. பார்த்தேன் என்கிறவர்கள் பலர், பிடித்தவர் ஒருவரும் இல்லை. போலீஸ் போகிறது, காலடியை அளக்கிறது, மங்கலாக ஒரு போட்டோ எடுக்கிறது. எல்லாம் சரி. அந்தப் புலி யாருக்கு வேண்டியிருந்தது என்று ஒருவராவது விசாரித்தார்களா? எனக்கு முதலில் வருகிற கேள்வி அதுதான். என் புத்தி அப்படி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருவனந்தபுரத்தில், கரமனையில், எங்கள் தெருவுக்கும் ஒரு புலி வந்தது. அதை விசாரித்த நாள் முதல் இந்தப் புத்தி இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது.

கல்யாணமாகி அந்த அக்ரஹாரத்துக்கு வந்த புதிது. வீட்டில் மூன்றே பேர். என் கணவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவருடைய தமக்கை, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, தலையை மழித்துக்கொண்டு பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். சமையல் முழுக்க அவள் கைதான். நான் அவளை அக்கா என்பேன். எனக்கு நாக்கு நீளம், அவளுக்குப் பேச்சே கம்மி. அதனால் ஒத்துப்போயிற்று.

கொல்லை வழியே இறங்கினால் ஆறு. ஆண்கள் பாலத்துப் பக்கம் குளிப்பார்கள். மூங்கில் புதருக்குப் பின்னால் பெண்கள் துறை. காலையில் விதவை முகத்தில் விழிக்கக்கூடாது என்பது தெருவின் சட்டம். ஆகவே அக்கா எல்லோருக்கும் முந்தி, இருட்டோடு இருட்டாகக் குளித்துவிட்டு வந்துவிட வேண்டும். எதிர்வீட்டு மாமிக்கு ஆசாரம் மற்றவர்களைவிட ஒரு படி அதிகம். ஒரு நாள் படித்துறையில் அக்காவை எதிரே பார்த்துவிட்டாள். அன்று மாமாவுக்கு வயிற்றுவலி. பலாப்பழம் தின்றதை யாரும் பேசவில்லை, அக்காவின் முகத்தைத்தான் பேசினார்கள்.

அக்கா இன்னும் முந்தி எழுந்தாள். துறை சுத்தமாக இருக்கும்போதே போய்விடவேண்டும் என்று மாமியும் இன்னும் முந்தி வந்தாள். இவள் எழ, அவள் எழ, இப்படியே போனால் நீ முந்தின நாளே குளித்துவிட்டு வரவேண்டியதுதான் என்று நான் அக்காவிடம் கத்தினேன்.

"விடுடி. இருட்டு எனக்குப் பழக்கமாக்கும்," என்றாள்.

அந்த மழைக்காலம் முடிந்த கையோடு புலி வந்தது. மூங்கில் புதரில் இரண்டு கண் மினுங்கியதாம். மறுநாளே அதற்கு உடம்பு முளைத்துவிட்டது. ஆரியசாலையில் மண்டி வைத்திருந்தவர் வண்டியிலிருந்து கண்டது புள்ளி போட்டது. கிழக்கேகோட்டையிலிருந்து கோவில் வேலை முடிந்து திரும்பிய சாஸ்திரிகள் கண்டது வரி போட்டது. பாலத்தடியில் ஒருவர் பார்த்தது தலைமுதல் வால்வரை கறுப்பு. ஒரே புலி துணி மாற்றிக்கொண்டு வருகிறதா என்று கேட்டேன். பார்த்தேன் என்று யார் வந்தாலும் நான் கேட்டது ஒன்றுதான்: "வால் எந்தப் பக்கம் இருந்தது?" ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் கணவருக்குத்தான் மானம் போயிற்று.

"வர்றவாளை எல்லாம் குறுக்கு விசாரணை பண்றியே, நீ என்ன வக்கீலா?" என்றார்.

பெண்கள் துறை காலியாயிற்று. எல்லோரும் கிணற்றடிக்கு மாறினார்கள். அக்கா மட்டும் வழக்கம்போல் ஆற்றுக்குப் போனாள். விதவைக்கு ஆற்றுக் குளியல்தான் விதி, கிணற்றில் அவள் வாளி விட்டால் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு ஆகாது. இதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. தன் பெண்ணை, மருமகளை, பசுமாட்டைக்கூட ஆற்றுப் பக்கம் விடாத தெரு, அக்கா கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு போவது தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கணவர் போர்வையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஜாக்கிரதையாப் போய்ட்டு வா," என்பார். அவ்வளவுதான் தம்பியின் பாசம்.

எனக்குச் சந்தேகம் முதலில் அக்கரை வாழைத்தோட்டக்காரன்மேல். குலை திருடுகிறவர்களை விரட்ட அவனே கதை கட்டிவிட்டிருக்கலாம். ஆனால் புலிக்குப் பயந்து அவனுடைய கூலியாட்களே வரவில்லை, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மாமிமேல் திரும்பியது. அக்காவை ஆற்றுக்கே வரவிடாமல் செய்ய இந்தக் கதையை அவிழ்த்துவிட்டது அவள்தான் என்று தீர்மானமே செய்துவிட்டேன். நேரே போய்க் கேட்டேன்.

"முதல்ல யார் மாமி பாத்தா?"

"எனக்கென்ன தெரியும்? பால்காரன் சொன்னான்."

பால்காரனைப் பிடித்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உங்க வீட்டுக் கொல்லையிலேர்ந்துதானே அம்மா கேட்டேன்," என்றான்.

அன்று வெயில் ஏறியபின் துறைக்குப் போனேன். ஈர மணலில் ஒரு காலடி. சுற்றிலும் கல் அடுக்கி, புலியின் பாதம் என்று தெருவே வந்து கும்பிடாத குறை. எங்கள் தெரு நாயின் பாதமும் அதே அளவுதான், அதை யார் அளந்தார்கள்? ஆறு அந்த இடத்தில் குறுகல். அக்கரைப் பாதையில், விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவருகிற ஒரு பெண் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். புலியைப் பார்த்தாயா என்று கூவிக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"புலியோ? நான் நித்தமும் ரெண்டு நேரமும் இந்த வழிதானே வாறேன். ஒண்ணும் கண்டில்லே. காலையில ஒரு மொட்டைத்தலை அம்மா வெயில் காஞ்சோண்டு இருக்கும். அதைத்தான் காணும்."

வெயிலா? அக்கா இருட்டோடு போகிறவள் அல்லவா? எப்போது திரும்புகிறாள் என்று நான் கவனித்ததில்லை. மறுநாள் அவள் போய் வெகுநேரம் கழித்து நானும் இறங்கி, மூங்கில் மறைவில் நின்றேன். சூரியன் தென்னைக்கு மேல் வந்துவிட்டது. அக்கா கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். தலைத்துணியை எடுத்துக் கல்மேல் வைத்திருந்தாள். வீட்டுக்குள் எனக்கு முன்னால்கூட அதை அவள் எடுத்ததில்லை. மழித்த தலையில் வெயில் நன்றாகப் படும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூங்கில் சருகு காலில் நொறுங்க, கண்ணைத் திறந்தாள். கை தானாகத் துணிக்குப் போயிற்று. என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டியா?"

"அக்கா, நீயா கட்டிவிட்டே?"

"நான் புலின்னு சொல்லவே இல்லே. ரெண்டு கண்ணு மினுங்கித்துன்னு பால்காரன்கிட்ட சொன்னேன். உடம்பு, வாலு எல்லாம் அவாளாப் போட்டுண்டதாக்கும்." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு நாளாவது அவசரமில்லாம குளிக்கணும்னு இருந்தது. வேறென்னத்தைக் கேட்டேன்?"

அந்த வாரமே தெருக்காரர்கள் ஒரு வேட்டைக்காரரை அழைத்துவந்தார்கள். காட்டிலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர், கையில் துப்பாக்கி, பெரிய மீசை. பகல் முழுக்கப் புதரைக் கிளறினார். மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி தீர்ப்புச் சொன்னார்: அது நாயின் காலடி, புலியும் இல்லை, பூனையும் இல்லை, பெண்கள் தாராளமாக ஆற்றுக்குப் போகலாம். கூடத்தில் பாதித் தெரு நின்றது. மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நாளையிலேர்ந்து விடியறதுக்கு முன்னாடியே போயிடலாம். துறை தீட்டாயிருக்கும், முதல்ல மஞ்சத்தண்ணி தெளிக்கணும்," என்றாள். யாரால் தீட்டு என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிற்று.

"அதுசரி," என்றார் வேட்டைக்காரர், "முதல்ல பாத்தது யாரு?"

பால்காரன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்கப் போனான்.

"நான் இன்னிக்குக் காலம்பற பாத்தேன்," என்றேன்.

புலியே பொய் என்று ஊர் முழுக்க வாதாடியவள் நான்தான். அதனாலேயே என் வார்த்தைக்கு எதிர்வார்த்தை வரவில்லை. மாமியின் முகம் வெளுத்துவிட்டது. என் கணவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"வால் எந்தப் பக்கம் இருந்தது?"

"நம்மாத்துக் கொல்லைப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தது. வாலைக் காலுக்குள்ள சுருட்டிண்டிருந்தது. வெயில் காஞ்சுண்டிருந்தது. என்னைப் பாத்தும் எழுந்துக்கலை."

வேட்டைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து வெறுமனே பார்க்கிற புலி ரொம்ப ஆபத்தானது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கூட்டமும் கலைந்தது.

எல்லோரும் போனபின் என் கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நெஜமாவே பாத்தியா?"

"பாத்தேன். அது இருக்கிற துறைக்கு உங்க அக்கா தெனமும் தனியாப் போறா. நாளைக்குப் போகவேண்டாம்னு சொல்றேளா?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அக்கா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்பது போல.

"ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

"ரசமும் அப்பளமும்," என்றாள் அக்கா. உள்ளே போய்விட்டாள். மறுநாள் வெயில் நன்றாக ஏறியபிறகுதான் அவள் ஆற்றுக்குக் கிளம்பினாள்.