உபகாரச் சம்பளமும் இரவல் காளைகளும்

சென்னையில் சர்க்கார் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. உபகாரச் சம்பளம் வந்தால்தான் போக முடியும். அதற்கு நாங்கள் ஏழைகள் என்று தாலுகா ஆபீஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். சுருளிப்பட்டியில் எங்களைவிட ஏழையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று இருந்தேன். என்னைப் பெற்ற அய்யாவைப் பற்றி யோசிக்கவில்லை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உத்தமபாளையத்திலிருந்து விசாரிக்க வருகிறார் என்றதும் அய்யாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு தேடி வரும் பெரிய மனிதருக்கு இல்லாமையைக் காட்டுவது எங்கள் பக்கத்தில் அவமரியாதை. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காளை ஜோடி எங்கள் காலித் தொழுவத்துக்கு வந்தது. ஆத்தாவின் கழுத்தில் யாருடையதோ காசுமாலை ஏறியது.

"நம்ம இல்லாமையப் பாக்கத்தானய்யா அவுக வர்றாக!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏலே, வெறுந்தொழுவத்தக் காட்டி மானத்த வாங்கச் சொல்றியா? வாய மூடு."

இன்ஸ்பெக்டர் வந்தார். கோழிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டார். காளைகளைத் தட்டிக்கொடுத்தார். வசதியான குடும்பம் என்று எழுதிவிட்டார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் எழுதியிருப்பார்.

ஆத்திரம் பொறுக்காமல் அய்யாவைத் தாலுகா ஆபீசுக்கே இழுத்துக்கொண்டு போனேன். காளைகள் எங்களுடையவை அல்ல என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். வராந்தாவில் எங்கள் ஊர்க்காரர்களும் காத்திருந்தார்கள். அந்த ஆள் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"மாடு இரவல்ங்கிறான் ஒம் மகன். நீயே சொல்லு, மாத்தி எழுதுறேன். ஒண்ணுமில்லாத பரதேசியாய்யா நீ?"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அய்யாவின் கை தோள்துண்டை எடுக்கப் போய், எடுக்காமலே இறங்கியது.

"மாடு என்னுதுதான் எசமான்."

வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் முன்னால் நடந்துகொண்டே இருந்தார். என் படிப்பைக் கெடுத்தார் என்ற கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அந்தச் சர்க்கார் மேல். மகனுக்குப் படிப்பு வேண்டுமென்றால், பெற்றவன் ஊர் நடுவில் நின்று நான் பரதேசி என்று கூவ வேண்டுமா? சோறு தின்ற வீட்டுக்காரனிடம் அந்தக் கேள்வியை ரகசியமாகக் கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா?

கல்லூரி திறந்தபோது நான் மேகமலை எஸ்டேட்டில் ஏலக்காய்ச் சாக்கு சுமந்துகொண்டிருந்தேன். மகன் மலையில் உத்தியோகம் பார்க்கிறான் என்று அய்யா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.