சட்டையில் ஏறி வந்த வாசம்

இன்று தூத்துக்குடியிலிருந்து திரும்பும் ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த தோணிக்காரர் ஒருவர் சுருட்டைப் பற்றவைத்தார்.

நான் சுருட்டை விட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மகளுக்கு இளைப்பு வந்தபோது, "வீட்டுல இந்தப் புகை வேண்டாங்க" என்று மனைவி ஞானம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அன்றே விட்டேன். மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள்.

ஆனாலும் அந்தப் புகை முகத்தில் பட்டதும் எனக்கு நாக்கு ஊறிவிட்டது.

தோணிக்காரர் அதைக் கவனித்துவிட்டார். "ஒண்ணு தரட்டுமா வே?"

"வேண்டாம் அண்ணாச்சி, விட்டாச்சு."

"நானும் விட்டுப் பார்த்தேன். கரையில இருக்கையில ஒண்ணும் தெரியல. ஒருநாள் நடுக்கடல்ல காத்து விழுந்து தோணி சும்மா நின்னுச்சு. அன்னைக்குத் தாங்க முடியல வே."

எழுந்து வேறு இடம் பார்த்திருக்கலாம். திருநெல்வேலி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஞானம் கேட்டாள். "சுருட்டு குடிச்சியளா?"

"இல்ல. எதுத்தாப்புல இருந்தவரு குடிச்சாரு."

நம்பினாள். துவைக்கிறேன் என்று சட்டையை வாங்கிப் போனவள், கிணற்றடிக்குப் போகாமல் அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். நான் பார்ப்பதைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"இந்த வாசம் இல்லாம, நீங்க வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரியே இருக்கு. பிள்ளைய நெனச்சுத்தான் இத இத்தன நாளா உங்ககிட்ட சொல்லல."

சுருட்டை விட்ட நண்பர்களே, இந்த ஆசை அடங்க எவ்வளவு காலம் ஆகும்? இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.