மாவட்டத்தின் ஒரே பயனாளி

“கலெக்டர் வரட்டும், கமிஷனர் வரட்டும், டெல்லியிலேர்ந்து மந்திரியே வரட்டும். அவங்க முன்னாடி குறைன்னு ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து விழுந்ததில்ல. சாகிற வரைக்கும் விழாது. உயிர் போய் எமன் வந்து நின்னாலும், ‘ஏற்பாடெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு சாப்’னுதான் சொல்வேன்.”

செவ்வாய்ச் சந்தையில் டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று துக்காலு நிஷாத் இப்படி அறிவித்தபோது யாரும் மறுக்கவில்லை. மறுக்க ஆதாரம் இல்லை.

சத்தீஸ்கரின் இந்த மூலையில் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்கு வரலாறு எழுத வருகிறவர்கள் ராஜாக்களைத் தேடி ஏமாந்து போகிறார்கள். ராஜாக்கள் வந்ததுண்டு. வரி கேட்டார்கள், கொசு கடித்தது, போய்விட்டார்கள். பிறகு துரைமார் வந்தார்கள். புலி கேட்டார்கள், கொசு கடித்தது, அவர்களும் போய்விட்டார்கள். இப்போது வருகிறவர்கள் பயனாளியைக் கேட்கிறார்கள். ஆகவே மாவட்டத்தின் வரலாறு தற்சமயம் துக்காலுவிடம் வந்து நிற்கிறது.

பஞ்ச காலத்தில் பிறக்கும் பிள்ளைக்கு எங்கள் பக்கம் துக்காலு என்று பெயர் வைப்பார்கள். அப்படிப் பெயர் பெற்றவர்தான் பிற்பாடு செழிப்பின் முகமாக ஆனார். அது நடந்தது புகையில்லா அடுப்பு வந்த வருஷம். அடுப்பைப் பார்வையிட அன்றைய கலெக்டர் துக்காலுவின் ஊரான பீபல்பாராவுக்கு வந்தார். அடுப்பை வாங்கியவரோ ஜீப்பைக் கண்டதும் தன் மேலிருந்த மரம் வெட்டிய வழக்கு ஞாபகம் வந்து காட்டுக்குள் ஓடிவிட்டார். பஞ்சாயத்துச் செயலர் கேதுராமுக்கு வியர்த்துக் கொட்டியது. காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டு அந்த வழியாக வந்த துக்காலுவைப் பிடித்து, அடுப்பின் முன்னால் உட்கார வைத்தார்.

“இதனால என்ன பிரயோஜனம்?” என்று கலெக்டர் கேட்டார்.

துக்காலு அந்தப் பொருளை அன்றுதான் பார்க்கிறார். அது அடுப்பு என்பதையே கலெக்டரின் கேள்விக்கு முந்தைய கணத்தில்தான் ஊகித்திருந்தார்.

“என்ன சொல்றது சாப். முன்னாடி புகையில என் பொண்டாட்டி முகமே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் அவளைப் பார்க்கிறேன். நல்லாத்தான் இருக்கா.”

கலெக்டர் கைக்குட்டையை எடுத்தார். துக்காலுவின் மனைவி பிசாகின் அன்று வீட்டில் சொன்னது மட்டும் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. “பார்த்தாச்சில்ல? போய் ஆட்டைத் தேடு.”

அதன் பிறகு துக்காலுவுக்கு ஓய்வில்லை. மீன்வளத் துறைக்கு அவர் மீன் வளர்த்தார். குளம் பக்கத்து ஊர்க்காரருடையது. தோட்டக்கலைத் துறைக்குக் காளான் பயிரிட்டார். கல்வித் துறை அவருக்குப் பலமுறை எழுத்தறிவித்தது. ஒவ்வொரு முறையும் அவர் முதல் எழுத்தை எழுதும்போது கை நடுங்க, கண் கலங்க, அதிகாரிகள் கைதட்டினார்கள். கோழிக்குஞ்சுத் திட்டத்துக்காக ஒரே கூடைக் குஞ்சுகளை ஊர் ஊராக எடுத்துப் போவார்கள். நாளடைவில் குஞ்சுகளும் தேர்ந்துவிட்டன. ஜீப் நின்றதும் தாமாக இறங்கி மேய ஆரம்பிக்கும். புகைப்படம் எடுத்ததும் கூடைக்குத் திரும்பிவிடும்.

இதை ஏதோ வாய்ச்சவடால் என்று நினைப்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள். பயனாளியின் சட்டை புதிதாக இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். கிழிந்திருந்தால் வருத்தம் வரும். துவைத்துத் துவைத்து வெளுத்த நீலச் சட்டை ஒன்றைத் துக்காலு இதற்கென்றே வைத்திருந்தார். சிரிப்பிலும் அளவு உண்டு. தாசில்தாருக்கு மேல்வரிசைப் பல், கலெக்டருக்கு இரண்டு வரிசையும். இத்தனைக்கும் கூலி ஒரு டீ, இரண்டு பிஸ்கட், திரும்பும்போது சாலை முனை வரை ஜீப்பில் இடம்.

இப்படி எல்லாம் செவ்வனே நடந்துகொண்டிருந்தபோதுதான் பீபல்பாராவின் அடிபம்பு வறண்டது. கைப்பிடியை அமுக்கினால் காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. பெண்கள் ஓடை மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு கொண்டு வந்தார்கள். கோடை முற்ற முற்றக் குழி ஆழமானது, தண்ணீர் குறைந்தது. இதற்கிடையில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி ஒன்று வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரே ஒரு கிணறுதான். பீபல்பாராவுக்கா, ஓடைக்கு அந்தப் பக்கத்து மேல்கரைக்கா என்று முடிவு செய்யப் பொறியாளர் வந்தார். வந்தவர் வழியில் பார்த்தது துக்காலுவை.

“தண்ணி எப்படி?”

“அமிர்தம் சாப்.”

பொறியாளர் மேல்கரை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பிசாகின் சோறு போட்டாள். குழம்பும் போடவில்லை, பேச்சும் போடவில்லை. மறுநாள்தான் வாய் திறந்தாள்.

“புது கலெக்டரம்மா தானே நேர்ல பார்த்து முடிவு பண்றேன்னு சொல்லியிருக்காளாம். நாளைக்கு வர்றா. நீ ஒண்ணும் பெருசா பேச வேண்டாம். ‘தண்ணி இல்ல’. அவ்வளவுதான். சொல்லு பார்ப்போம்.”

“இதென்ன பிரமாதம்.”

“சொல்லு.”

துக்காலு தொண்டையைச் செருமினார். பிசாகின் கயிற்றுக் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, “நான்தான் கலெக்டர். என்னப்பா, தண்ணி இருக்கா?” என்றாள்.

உடனே துக்காலுவின் முதுகு வளைந்தது. இரண்டு வரிசைப் பற்களும் தெரிந்தன. “உங்க புண்ணியத்துல நிறைஞ்சு வழியுது சாப்.”

கரண்டி பறந்து வந்தது. குனிந்துகொண்டார்.

“வேணும்னு சொல்லல, பிசாகின். அது தானா வருது.”

“பொண்டாட்டிகிட்ட மட்டும் உப்பு இல்ல, காரம் இல்ல, பொத்தான் தைக்கலன்னு ஊர்க்குறையெல்லாம் சொல்லத் தெரியுதில்ல?”

“நீ அதிகாரி இல்லையே.”

“அது உன் அதிர்ஷ்டம்.”

பிற்பகல் முழுக்க ஆட்டிடம் ஒத்திகை பார்த்தார். ஆட்டிடம் சரளமாக வந்தது.

மறுநாள் கலெக்டர் வந்தார். வயதில் இளையவர், வெயிலுக்குத் துணியால் தலையை மூடியிருந்தார். பின்னால் பொறியாளர், கேதுராம், குடியிருப்பின் பெண்கள் எல்லோரும். கிணறு போடும் லாரி, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சாலை பிரியும் இடத்தில் நின்றது. துக்காலுவின் வாசலில் நாற்காலி போட்டார்கள்.

“இவர்தான் மேடம் நம்ம முன்னோடிப் பயனாளி. மீன் வளர்ப்பைப் பத்தி சொல்லுண்ணே,” என்றார் கேதுராம்.

“அதை ஏன் கேக்கிறீங்க மேடம் சாப். மீனுங்கல்லாம் என்னைப் பார்த்தா கரைக்கே வந்து சௌக்கியமான்னு விசாரிக்குதுங்க.”

“மீன் இருக்கட்டும். குடிக்கத் தண்ணி இருக்கா?”

பெண்கள் எல்லோரும் துக்காலுவின் வாயைப் பார்த்தார்கள். அந்த வாய் திறந்தது. ‘த’ என்று தொடங்கியது. நெற்றியில் நரம்பு புடைத்தது.

“தண்ணிக்கென்ன மேடம் சாப். பம்பைத் தொட்டாப் போதும். பால் மாதிரி.”

கூட்டத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். “நான் அன்னிக்கே சொன்னேன் மேடம்,” என்றார் பொறியாளர்.

“அப்ப மேல்கரைக்கே போகட்டும். லாரிக்குப் போன் பண்ணுங்க,” என்றார் கலெக்டர்.

பிசாகின் உள்ளே போனாள். கணவன் எப்படியிருந்தாலும் வாசலுக்கு வந்த விருந்தாளி விருந்தாளிதான். கால் கழுவ, காலடியில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்காமல் எங்கள் பக்கம் யாரையும் அனுப்புவதில்லை. விடியுமுன் போய் ஓடை மணலில் அள்ளி, துணியில் வடிகட்டி வைத்திருந்ததைச் செம்போடு கொண்டு வந்து கலெக்டரின் காலடியில் வைத்தாள். துக்காலுவை ஏறிட்டும் பார்க்கவில்லை. நகர்ந்து போய்க் கதவோரம் நின்றாள்.

கலெக்டருக்கு இந்த வழக்கத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. குனிந்து செருப்பைக் கழற்றினார். காலை முன்னால் நீட்டி, செம்பைக் கையில் எடுத்துச் சாய்க்கப் போனார்.

துக்காலுவின் பற்கள் மெல்ல மறைந்தன. முதலில் கீழ்வரிசை, அப்புறம் மேல்வரிசை. வளைந்திருந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

“மேடம் சாப்,” என்றார். பக்கத்தில் நின்ற கேதுராமுக்கே சரியாகக் கேட்காத குரல். “அதைக் காலுக்கு ஊத்திடாதீங்க. இன்னிக்கு நாங்க குடிக்கிறதுக்கு இருக்கிறது அதுதான்.”